‘வேக்’: ஒரு சொல்லை வேரோடு படிப்பது எப்படி

போன ஆண்டு பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே ஒரு சீனப் பாட்டியின் துக்கம் நடந்தது. கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டு நிறைய வேர்க்கடலையும் கொறிக்கும் குவாச்சி விதையும். தூணில் ஒட்டிய தாளில் பாட்டியின் பெயர், வயது, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ‘வேக்’ என்று போட்டு மூன்று இரவுகளின் தேதி.

என்னிடம் டியூஷனுக்கு வரும் படிவம் 4 மாணவன் அதைப் படித்துவிட்டு மாடியேறி வந்தான். செருப்பைக் கழற்றும்போதே கேட்டான். “டீச்சர், வேக்னா எழுந்திரிக்கிறதுதானே? இறந்துபோனவங்க வீட்டுல ஏன் அந்த வார்த்தையைப் போட்டிருக்காங்க?”

நான் 31 ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். இவ்வளவு நல்ல கேள்வி வகுப்பில் அபூர்வமாகத்தான் வரும். அன்றைக்கு எழுத வைத்திருந்த கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டோம். நான்கு மாலைகள் பிடித்தன. எப்படிச் செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் நீங்களும் இப்படியே செய்யலாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், இணையத்தில் ஒரு நல்ல சொற்பிறப்பியல் அகராதி, அவ்வளவு போதும்.

முதலில் நோட்டின் பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம். நம் பிள்ளைகள் மூன்று மொழியோடு வளர்கிறார்கள். ஆனால் ஆங்கிலம் படிக்க உட்கார்ந்தால் மற்ற இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தெரிந்த இரண்டு மொழியும் மூன்றாவதுக்கு ஏணி.

காலையில் வீட்டில் காதில் விழும் சொற்களை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பையன் தமிழுக்குக் கீழே எழுதியது இது: எந்திரி, முழிச்சிக்கோ, எழுப்பு, கண் விழி. மலாய்ப் பத்தியில் பாங்குன், தெர்ஜாகா, கெஜுத்கான். ஆங்கிலத்தில் வேக் அப், கெட் அப், அவேக். எழுதி முடித்ததும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் போட வேண்டும். தானாக நடக்கிறதா, இன்னொருவர் செய்கிறாரா?

இந்தக் கேள்விதான் முக்கியம். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தமிழில் ‘எழு’ வேறு, ‘எழுப்பு’ வேறு. பிள்ளை எழுந்தான், அம்மா எழுப்பினாள். ஒரு ‘ப்பு’ சேர்ந்ததும் வேலை கை மாறிவிடுகிறது. மலாயிலும் அப்படித்தான். தெர்ஜாகா என்றால் தன்னையறியாமல் விழிப்பு வந்துவிட்டது என்று பொருள். கெஜுத்கான் என்றால் இன்னொருவரை எழுப்புவது. கெஜுத் என்பதற்குத் திடுக்கிடல் என்று அர்த்தம், ஆகவே அந்தச் சொல்லிலேயே தோளைப் பிடித்து உலுக்குவது இருக்கிறது. ஆங்கிலத்து ‘வேக்’குக்கு அந்த வசதி கிடையாது. ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. “ஐ வேக் அப் அட் ஃபைவ்” என்றால் நானே எழுகிறேன். “மை மதர் வேக்ஸ் மீ அப் அட் ஃபைவ்” என்றால் அம்மா எழுப்புகிறார். நடுவில் ‘மீ’ இருக்கிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அதுதான். நான் படிவம் 2 படிக்கும்போது “மை ஃபாதர் வேக்ஸ் அப் அஸ்” என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்தார், ஏன் என்று சொல்லவில்லை. அந்தச் சிவப்புக் கோடு பல வருஷம் எனக்குள் இருந்தது. காரணம் ரொம்பச் சின்னது. எழுப்பப்படுகிறவர் பெயர்ச்சொல்லாக இருந்தால் ‘அப்’புக்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். “வேக் அப் யுவர் பிரதர்” சரி, “வேக் யுவர் பிரதர் அப்” என்பதும் சரி. ஆனால் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம் போன்ற பிரதிப்பெயர் என்றால் நடுவில்தான் உட்கார வேண்டும். “வேக் ஹிம் அப்.” இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும், நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பேன். அதனால்தான் யார் நோட்டிலும் நான் வெறும் கோடு மட்டும் போடுவதில்லை.

இன்னொரு குழப்பமும் நம் மொழியிலிருந்தே வருகிறது. ‘எந்திரி’ என்று நாம் சொல்லும்போது கண்ணைத் திற என்பதும் பாயை விட்டு எழு என்பதும் ஒன்றாகவே போய்விடுகிறது. ஆங்கிலத்தில் அவை இரண்டு. வேக் அப் என்பது தூக்கம் கலைவது, கெட் அப் என்பது படுக்கையை விட்டு எழுவது. ஐந்து மணிக்கு முழிப்பு வந்தும் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஆறு மணி வரை போர்வைக்குள் கிடந்தால், “ஐ வோக் அப் அட் ஃபைவ் பட் காட் அப் அட் சிக்ஸ்.” பையனுக்கு இந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போய்விட்டது.

அப்புறம் அந்த நான்கு உறவுக்காரச் சொற்கள்: வேக், வேக்கன், அவேக், அவேக்கன். மாணவர்கள் இவற்றைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பேச்சுக்கும் சாதாரணக் கட்டுரைக்கும் ‘வேக் அப்’ ஒன்றே போதும். வேக், வோக், வோக்கன் என்று காலம் மாறும். “ஐ வாஸ் வோக்கன் பை தி ரெய்ன்” என்றால் மழை என்னை எழுப்பிவிட்டது. வேக்கன், அவேக்கன் இரண்டும் நூல்நடைச் சொற்கள். ஓர் ஆர்வம், ஒரு சந்தேகம், பழைய ஞாபகம் மனசுக்குள் விழித்துக்கொண்டது என்று எழுதும்போது அவேக்கன் அழகாகப் பொருந்தும். அவேக், அவேக்கன் இரண்டுக்கும் பின்னால் ‘அப்’ போடக்கூடாது.

அவேக்கை வினைச்சொல்லாகப் பயன்படுத்துகிறவர்கள் இன்றைக்குக் குறைவு. விழித்திருக்கும் நிலையைச் சொல்லத்தான் அது அதிகம் வருகிறது. “தி பேபி இஸ் அவேக்.” ஆனால் “தி அவேக் பேபி” என்று முன்னால் போட்டு எழுத முடியாது. நன்றாக விழித்திருக்கிறது என்பதற்கு ‘வைட் அவேக்’ என்பார்கள். தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் ‘லை அவேக்’. தூங்காமல் உட்கார்ந்திருந்தால் ‘ஸ்டே அவேக்’. இந்தக் கடைசி ஒன்றை நோட்டில் வட்டம் போட்டு வைக்கச் சொன்னேன். பையனின் கேள்விக்குப் பதில் அந்தப் பக்கம்தான் இருந்தது.

இனி வேருக்குப் போகலாம். சொற்பிறப்பியல் அகராதியைத் திறக்கும்போது பிள்ளைகள் செய்யும் தவறு, முதல் வரியைப் படித்துவிட்டு மூடிவிடுவது. கடைசி வரைக்கும் படியுங்கள். எந்தச் சொல்லை எல்லாம் உறவாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். சுவையானது அங்கேதான் இருக்கும்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இது இரண்டு தனித்தனி வினைச்சொற்களாக இருந்தது. ஒன்று வக்கன். எழுவது, தோன்றுவது, பிறப்பது என்று அதற்குப் பொருள். இன்னொன்று வக்கியன். தூங்காமல் விழித்திருப்பது, காவல் இருப்பது என்று பொருள். காலப்போக்கில் இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்து ஒரே ‘வேக்’ ஆகிவிட்டன. ஆகவே இன்றைய வேக்குக்குள் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தூங்கி எழுகிறவர். மற்றவர் தூங்கவே போகாதவர். வீட்டிலும் பள்ளியிலும் நாம் முதல் ஆளைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டாவது ஆள் யாருக்கும் தெரியாமல் சொல்லுக்குள் ஓரமாக நிற்கிறார்.

அவரைத் தேடிப் போனால் ஒரு பெரிய குடும்பமே கிடைக்கிறது. வக்கியனோடு கூடப் பிறந்த இன்னொரு வடிவம் வெச்சன். அதுதான் இன்றைய ‘வாட்ச்’. கையில் கட்டும் கடிகாரம், கப்பலில் முறைக்காவல், வாட்ச்மேன் எல்லாம் அங்கிருந்து வந்தவை. இரவைக் காவல் மாற்றும் நேரங்களாகப் பிரித்து அதையும் வாட்ச் என்றார்கள். நாம் சாமம் என்கிறோமே, அதைப் போல. பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அக்காவின் தமிழ் பைபிளில் ‘இரவின் நாலாம் ஜாமம்’ என்று வருவது ஆங்கில பைபிளில் வாட்ச்தான். ‘வெயிட்’ என்ற சொல்லும் இதே வேர்தான். ஜெர்மானிய மொழியிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு ஆங்கிலத்துக்குள் வந்தது. முதலில் அதற்குப் பதுங்கி நின்று கண்காணிப்பது என்று பொருள், காத்திருப்பது என்பது பின்னால் சேர்ந்தது. நாள் முழுக்க நாம் ‘வெயிட் பண்ணு’ என்கிறோம். அந்த ‘வெயிட்’டுக்குள் தூங்காமல் கண்ணை வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னதும் பையன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

லத்தீனிலும் இதே வேரில் ஒரு கிளை உண்டு. விஜில், விஜிலன்ஸ் இரண்டும் அங்கிருந்து வந்தவை. இன்னும் ஆழத்தில், மொழியியலாளர்கள் ஊகித்துக் கட்டிய மூல வேருக்கு உயிர்ப்போடு இருத்தல், வலுவாக இருத்தல் என்று பொருள் சொல்கிறார்கள். வெஜிடபிள் கூட அந்த வேர்தான், உயிர்ப்போடு வளர்வது என்ற கணக்கில்.

இந்த இடத்தில் நோட்டின் மலாய்ப் பத்திக்குத் திரும்பச் சொன்னேன். தெர்ஜாகாவுக்குள் இருக்கும் ‘ஜாகா’வைப் பார். ஜாகா என்றால் விழித்திருப்பது. ஜாகா என்றால் காப்பதும் கவனித்துக்கொள்வதும். காவலாளிக்கும் இந்த ஊரில் ஜாகா என்றே பெயர். சமஸ்கிருதத்தில் விழிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து மலாய்க்குப் போனது அது. அதே வேரிலிருந்து தமிழுக்கு வந்ததுதான் ஜாக்கிரதை. ரோட்டைத் தாண்டும் பிள்ளையிடம் “ஜாக்கிரதை” என்று சொல்லும்போது, “விழித்துக்கொண்டிரு” என்றுதான் சொல்கிறோம். தமிழிலேயே ‘விழி’ கண்ணாகவும் இருக்கிறது, தூக்கம் கலைவதாகவும் இருக்கிறது, ‘விழிப்பாக இரு’ என்ற எச்சரிக்கையாகவும் இருக்கிறது. மூன்று பத்தியிலும் ஒரே கோடு. தூங்காதவர்தான் காவல்காரர். இதைப் பாடப்புத்தகத்திலிருந்து நான் எடுக்கவில்லை, எனக்கு வேறு வழியில் தெரியும்.

என் அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1974-ல் தோட்டத்தை விட்டுப் பினாங்குத் தீவுக்கு வந்து, வெல்ட் கீயில் ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குச் சேர்ந்தார். எல்லாரும் அவரை ஜாகா அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரு கடிகாரம் கொடுத்திருந்தார்கள். கையில் கட்டுவதல்ல, சின்ன டிபன் பெட்டி அளவு, கனமானது, தோல் உறையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொள்வது. கிடங்கின் ஒவ்வொரு மூலையிலும் சுவரில் சங்கிலி போட்டு ஒரு சாவி தொங்கும். அப்பா சுற்றி வரும்போது அந்தச் சாவியைக் கடிகாரத்தின் வயிற்றில் விட்டுத் திருக வேண்டும். உள்ளே இருக்கும் வட்டத்தாளில் அந்தச் சாவியின் எண்ணும் நேரமும் பதிந்துவிடும். ஒரு சுற்றில் தூங்கிப்போனால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். காலையில் மேலாள் கடிகாரத்தைத் திறந்து தாளை எடுத்துப் பார்ப்பார்.

ஒரு ராத்திரி அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன அம்மாவோடு நானும் போயிருந்தேன். அப்பா என் கையைப் பிடித்து ஒரு சாவியைத் திருக வைத்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். பித்தளையின் குளிர்ச்சியும் கிடங்கில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டின் புகை வாடையும் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பல வருஷம் கழித்து, ஆசிரியர் பயிற்சியில் வாட்சும் வேக்கும் ஒரே வேர் என்று அகராதியில் படித்தபோது எனக்கு அந்த ‘டக்’தான் கேட்டது. தான் விழித்திருந்ததற்கு ஒரு மனிதர் மணிக்கு மணி ஆதாரம் போட்ட கருவியின் பெயர் வாட்ச்மேன் கிளாக். அந்தப் பெயரில் வரும் ‘வாட்ச்’ நேரத்தைப் பற்றியது அல்ல, விழிப்பைப் பற்றியது.

அகராதி காட்டும் வேரைப் பிள்ளையின் வீட்டுக்குள் இருக்கும் ஏதாவது ஒரு பொருளோடு சேர்த்து வையுங்கள். எல்லார் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். இந்தப் பையனின் அம்மா மருத்துவமனையில் தாதி. இரவு வேலை முடிந்து காலையில் வந்து தூங்குவார். அவன் ‘ஸ்டே அவேக்’கை அம்மாவை வைத்தே எழுதினான்.

சரி, அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். துக்க வீட்டு ‘வேக்’ என்பது இரண்டாவது ஆளின் வேலை. இறந்தவர் எழுவதை அது சொல்லவில்லை. உயிரோடு இருப்பவர்கள் இறந்தவர் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருப்பதைச் சொல்கிறது. அயர்லாந்தில் இந்த வழக்கம் மிகவும் பேர்போனது. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் இரவெல்லாம் கூடியிருந்து, பேசி, சாப்பிட்டு, அழுது, உடலைத் தனியாக விடாமல் இருப்பார்கள். இங்கே சீனக் குடும்பங்கள் மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை இரவுகள் விழித்திருப்பதற்கு மலேசிய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது. நம் வீடுகளில் மட்டும் என்ன? தலைமாட்டில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டு, ஆண்கள் வாசலில் காப்பித் தண்ணியோடு, பெண்கள் உள்ளே உடலைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடிய முழித்திருப்போம். அதற்குத் தமிழில் நாம் தனிப்பெயர் வைக்கவில்லை, செய்வது அதேதான். அவனுடைய தாத்தா இறந்தபோது அப்படி உட்கார்ந்திருந்தது அவனுக்கு நினைவிருந்தது. “அப்ப அதுவும் வேக்தான் டீச்சர்,” என்றான். ஆமாம், அதுவும் வேக்தான்.

துக்கத்துக்கு மட்டும் வந்த சொல் என்று நினைத்துவிடக்கூடாது. இங்கிலாந்தில் ஒரு கோயில் திருநாளுக்கு முந்தைய இரவு விழித்திருந்து வழிபடுவதையும் வேக் என்றார்கள். பிறகு அந்தத் திருவிழாவுக்கே அந்தப் பெயர் வந்தது. லங்காஷயரின் பஞ்சாலை நகரங்களில் ஆலைகளை ஒரு வாரம் மூடிவிட்டு எல்லாரும் விடுமுறைக்குப் போவதை ‘வேக்ஸ் வீக்’ என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி முழுக்கத் தண்ணீர்மலைச் சாலையில் நடந்தவர்களுக்கு, சிவராத்திரிக்குக் கண் விழித்தவர்களுக்கு, இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே வேரில் கட்டிவிடாதீர்கள். பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெர்ரியின் பின்பக்கம் நின்று பார்த்தால் கடலில் நுரையாக ஒரு வெள்ளைப் பாதை நீண்டு போகும். அதற்கும் ஆங்கிலத்தில் வேக் என்றுதான் பெயர். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. ஆனால் அது ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் மொழியிலிருந்து வந்தது. அங்கே உறைந்த நீரில் உண்டாகும் திறப்புக்கு அந்தப் பெயர். பனியைப் பிளந்துகொண்டு படகு விட்டுச்செல்லும் தடம் என்று பொருள் நீண்டிருக்கலாம். தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நம் ஆற்றில் ஓடும் ‘ஆறு’ம் ஐந்துக்கு அடுத்த ‘ஆறு’ம் மாதிரி. கப்பல் போனபின் கடல் விழித்துக்கொள்கிறது என்று பையன் அழகாக ஒரு விளக்கம் சொன்னான். கவிதைக்கு அது ஆகும், சொற்பிறப்பியலுக்கு ஆகாது என்று சொல்லி, அகராதியில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு இருப்பதைக் காட்டினேன். ஒலியை நம்பாமல் பதிவைப் பார்க்கும் பழக்கம் இந்த வயதிலேயே வர வேண்டும்.

எழுப்புவதற்கு ஆங்கிலத்தில் ‘நாக் அப்’ என்று இன்னொரு வினையும் உண்டு. பழைய பிரிட்டிஷ் கதைகளில் வரும். கதவைத் தட்டி எழுப்புவது என்று பொருள். அமெரிக்காவில் இதே சொல் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்குவதைக் குறிக்கும் கொச்சை வழக்கு. இப்போது பிரிட்டனிலும் அந்தப் பொருள்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே பிள்ளைகள் படித்தால் புரிந்துகொள்ளட்டும், பேச்சிலும் பரீட்சையிலும் பயன்படுத்த வேண்டாம். பெரிய பிள்ளைகளிடம் காரணத்தை மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் வேறு எங்காவது போய்க் கேட்டு அவமானப்படுவார்கள்.

ஆனால் அந்தச் சொல்லின் கதையை விட எனக்கு மனசில்லை. தொழிற்புரட்சிக் காலத்து இங்கிலாந்தில், அலாரம் கடிகாரம் வாங்கக் கட்டுப்படியாகாத ஆலைத் தொழிலாளர்களை எழுப்புவதற்கென்றே ஆள் இருந்தார்கள். ‘நாக்கர் அப்’ என்று பெயர். விடிவதற்கு முன் தெருத்தெருவாகப் போய் நீளக் கம்பால் மாடி ஜன்னலைத் தட்டுவார்கள், ஆள் எழுந்து முகம் காட்டும் வரை நகர மாட்டார்கள். வாரக்கூலி சில பென்ஸ். கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்ற அம்மாள் ஒரு ஊதுகுழலில் காய்ந்த பட்டாணியை வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஊதி எழுப்பிய புகைப்படம் இன்றும் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டிலும் பல ஊர்களில் இந்த வேலை தொடர்ந்தது.

எங்கள் தோட்டத்தில் அந்த வேலையைச் செய்தது ஒரு தண்டவாளத் துண்டு. மரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். விடியற்காலை நாலரைக்கு அதை இரும்பால் அடித்தால் லயம் முழுக்க அடுப்பு எரியத் தொடங்கும். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, பேர் கொடுக்க நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். அவ்வளவு விடியலில் ஏன் என்றால், குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக வடியும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். லங்காஷயர் ஆலைக்காரருக்குக் கொதிகலன் நேரம் சொன்னது, எங்களுக்கு மரம் நேரம் சொன்னது. ‘அலாரம்’ என்ற சொல்லும் முதலில் கடிகாரத்தைக் குறிக்கவில்லை. “ஆயுதத்தை எடுங்கள்!” என்று இத்தாலிய மொழியில் படைவீரர்களைக் கூப்பிட்ட கூச்சல் அது. அந்தத் தண்டவாளச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொருள் உடனே பிடிபடும்.

இப்போது இணையத்தில் பிள்ளைகள் அடிக்கடி பார்க்கும் ‘வோக்’ பற்றியும் அவன் கேட்டான். அது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலத்தில் பிறந்தது. அநியாயம் நடக்கும் ஊரில் கண்ணைத் திறந்துகொண்டு நட என்ற எச்சரிக்கை. லெட் பெல்லி என்ற பாடகர் 1938-ல் ஒரு பாட்டின் ஒலிப்பதிவில் அந்தப் பொருளில்தான் அதைச் சொன்னார். 1962-ல் வில்லியம் மெல்வின் கெல்லி என்ற எழுத்தாளர் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2017-ல் புதுப் பொருளைச் சேர்த்தது. பிறகு அரசியல் சண்டையில் அது வசைச்சொல்லாகவும் ஆனது. சண்டை எப்படியும் போகட்டும். அந்தச் சொல்லைப் பார்த்தால் பிள்ளைக்கு நம் ‘ஜாக்கிரதை’ ஞாபகத்துக்கு வந்தால் சரி.

நான்காவது மாலையில் ஒரு பயிற்சி வைத்தேன், நீங்களும் வைக்கலாம். காலையில் எழுந்தது முதல் பள்ளிக்குக் கிளம்பும் வரை எட்டு வாக்கியம் ஆங்கிலத்தில். வேக் அப் ஒரு முறை தானாக எழுவதற்கு, ஒரு முறை இன்னொருவரை எழுப்புவதற்கு, கெட் அப் ஒரு முறை, அவேக் ஒரு முறை நிலையைச் சொல்ல. மற்ற வாக்கியங்கள் அவர்கள் விருப்பம். எழுதி முடித்ததும் ஒவ்வொன்றையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘எழு’ வருகிறதா, ‘எழுப்பு’ வருகிறதா, ‘விழித்திரு’ வருகிறதா என்று காது சொல்லிவிடும். தவறு இருந்தால் தமிழில் சொல்லும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது, நான் சொல்ல வேண்டிய அவசியமே வருவதில்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது பையன் மலாய்ப் பத்தியில் மிச்சமிருந்த ‘பாங்குன்’ மேல் விரலை வைத்தான். பாங்குன் எழுவது என்றால் கட்டடத்துக்கு ஏன் பாங்குனான் என்று சொல்கிறார்கள்? அவனை உட்காரச் சொல்லி, தமிழில் சுவரை என்ன செய்வோம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெலுத்தோங் விரைவுச்சாலைக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடம் ஒன்று பாரந்தூக்கியோடு நின்றது. “எழுப்புவோம்,” என்றான் மெதுவாக. அடுத்த வாரம் ரைஸ், ரேஸ் இரண்டையும் எடுக்கப்போகிறோம். ஒன்று எழு, இன்னொன்று எழுப்பு. மூன்று பத்திக்கும் கோடு போட்டு வைத்துவிட்டுத்தான் போனான்.